‘ராத்திரி சோறு இல்லை, சப்பாத்திதான்!’ - பிறகும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவு கொஞ்சம் கூடியிருந்தால், தமிழ் வீடுகளில் முதலில் நடப்பது ஒன்றுதான்: ராத்திரி சோறு நிறுத்தப்படும். “இனிமே நைட்டு ரெண்டு சப்பாத்திதான்” என்று அறிவிப்பு வரும். சப்பாத்தி பிடிக்காதவர்கள் இட்லி, தோசைக்கு மாறுவார்கள். இன்னும் கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் சாமை, வரகு, குதிரைவாலி என்று வாங்கிவைப்பார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தால், பலருக்கு அளவு அங்கேயேதான் நிற்கிறது. “சோத்தையே தொடுறதில்லை, அப்புறமும் ஏன்?” என்று டாக்டரிடம் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு 2025-இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியாகவே பதில் சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய ‘இந்தியாப்’ ஆய்வின் உணவுப் பகுதி அது. எல்லா மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் சேர்ந்த சுமார் 1.2 லட்சம் பேரை உள்ளடக்கிய ஆய்வு. ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. அதன்படி, சராசரி இந்தியரின் ஒரு நாள் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து வருவது 12 சதவீதம் மட்டுமே.

அதைவிட முக்கியமான முடிவு இன்னொன்று. தீட்டிய அரிசி, மைதா போன்றவற்றை விட்டுவிட்டு முழுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைந்தால்தான் பலன். அதாவது, சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது ஒரே தானியக் கணக்கை வேறு பெயரில் எழுதுவதுதான்.

தட்டில் என்ன மாறுகிறது?

100 கிராம் பச்சையான அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 65 கிராம். கேழ்வரகு, சாமை, வரகு எல்லாமே 65-67 கிராம் வாக்கில்தான். நார்ச்சத்து, இரும்பு, சுண்ணாம்புச் சத்து என்று பார்த்தால் சிறுதானியங்களுக்குத் தனிப் பெருமைகள் உண்டு. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்துக்கு அரிசி கிட்டவே வர முடியாது. ஆனால் மாவுச்சத்து என்ற ஒரே கணக்கில் இவற்றுக்கு இடையிலான வித்தியாசம் அரை சப்பாத்தி அளவுதான். அந்த அரை சப்பாத்தியை, “இது ஹெல்தி ஆச்சே” என்று கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளும் கை ஈடுகட்டிவிடும்.

இட்லி, தோசையின் கதை இன்னும் வேடிக்கை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பெரும்பாலான வீடுகளின் கணக்கு. ஆக, “நைட்டு சோறு கிடையாது, டிஃபன்தான்” என்பவர் தட்டில் இருப்பதில் பெரும்பகுதி அரைத்த அரிசி. ரவா உப்புமா, சேமியா, இடியாப்பம், பரோட்டா எல்லாமே தானியம்தான். ‘டிஃபன்’ என்ற சொல்லுக்கு நம் காதில் ஒரு லேசான ஒலி இருக்கிறது. வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சிறுதானியத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. எந்தத் தானியமாக இருந்தாலும், நைசாக அரைத்து மாவாக்கினால் அது வேகமாகச் செரித்துச் சர்க்கரையாகிவிடும். முழுதாக வேகவைத்த சாமைச் சோறும், மாவில் சுட்ட சாமை தோசையும், பாக்கெட்டில் வரும் சிறுதானிய நூடுல்ஸும் ஒன்றல்ல. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இடம்பிடித்தவற்றில் கணிசமானவை மாவும் பிஸ்கட்டும் மிக்ஸும்தான்.

அப்படியானால் சப்பாத்திக்கு மாறி நிஜமாகவே சர்க்கரை குறைந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் கோதுமை அல்ல, எண்ணிக்கை. சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை பரிமாறும் சாப்பாட்டில், எவ்வளவு உள்ளே போனது என்று பரிமாறியவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. “ரெண்டு சப்பாத்தி” என்பதில் ஓர் எல்லை தானாகவே வந்துவிடுகிறது. கூடவே தொட்டுக்கொள்ளப் பருப்போ கொண்டைக்கடலையோ கேட்கும். உருளைக்கிழங்கு குருமா வைத்தால் அந்த லாபமும் போச்சு.

அப்போ அரிசி மேல் தவறே இல்லையா?

அப்படியும் இல்லை. 21 நாடுகளில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ‘பியூர்’ ஆய்வின் அரிசி பற்றிய முடிவுகள் 2020-இல் வெளியாயின. தினம் 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுபவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 20 சதவீதம் அதிகம். தெற்காசியாவில் மட்டும் பார்த்தால் அது 61 சதவீதம். அந்த ஆய்வில் தெற்காசியர்களின் ஒரு நாள் சோறு 630 கிராம் வாக்கில் இருந்தது. வேறு எந்தப் பகுதியிலும் இவ்வளவு இல்லை.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியலாம். ஒன்று அரிசியைக் குற்றவாளி என்கிறது, இன்னொன்று அரிசியை மாற்றிப் பயனில்லை என்கிறது. உண்மையில் இரண்டும் சொல்வது அளவைப் பற்றித்தான். 630 கிராம் சோறு சாப்பிடும் ஒருவர் வேறு எதற்கும் வயிற்றில் இடம் வைப்பதில்லை. அந்த இடத்தை அதே அளவு சப்பாத்தி பிடித்துக்கொண்டாலும் நிலைமை மாறாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘இந்தியாப்’ உணவு ஆய்வு ஒரு காலகட்டத்தில் எடுத்த படம் போன்றது. இப்படிச் சாப்பிடுபவர்களிடம் இது அதிகம், இது குறைவு என்ற தொடர்பைத்தான் அது காட்டுகிறது. ‘இதனால்தான் இது’ என்று அடித்துச் சொல்ல, ஆட்களைப் பிரித்து வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும். ஆனாலும் பியூர் போன்ற நீண்ட கால ஆய்வும் அதே திசையைக் காட்டுவதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

சோறு எப்படி ‘சாப்பாடு’ ஆனது?

“சாப்பாடா, டிஃபனா?” என்று ஹோட்டலில் கேட்டால், சாப்பாடு என்றால் சோறு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றதெல்லாம் ‘தொட்டுக்க’. மதுரை, நெல்லைப் பக்கம் ‘வெஞ்சனம்’ என்பார்கள். காய், பருப்பு, முட்டை, மீன் எதுவானாலும் சோற்றை உள்ளே தள்ள உதவும் துணைக்கருவி என்பதுதான் நம் பேச்சில் அதற்குக் கிடைத்த பதவி. வீட்டில் பிள்ளை இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்டு எழுந்தால், “ஒண்ணுமே சாப்பிடாம போறானே” என்று அம்மா வருத்தப்படுவதும் அதனால்தான்.

ஆனால் இது ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. நெல் விளையும் ஆற்றுப் பாசனப் பகுதிகளைத் தாண்டினால், கொங்கு வட்டாரத்திலும் தர்மபுரிப் பக்கமும் தெற்கே கரிசல் காட்டிலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்புவரை அன்றாடச் சாப்பாடு கம்பும் சோளமும் கேழ்வரகும்தான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும். கூழ் ஏழையின் உணவு, வெள்ளைச் சோறு வசதியின் அடையாளம். கையில் நாலு காசு வந்ததும் மக்கள் முதலில் எட்டிப்பிடித்தது அந்த வெள்ளைச் சோற்றைத்தான்.

அரசியலும் அதன் பின்னால்தான் போனது. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதி திமுகவுக்குக் கைகொடுத்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். 2006-இல் கருணாநிதி ஆட்சியில் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய். 2011 ஜூன் முதல் ஜெயலலிதா ஆட்சியில் அது முற்றிலும் இலவசம். பசியை விரட்டியதில் இந்தத் திட்டங்களின் பங்கு மிகப் பெரியது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அடுப்பு எரிவதற்கு இன்றும் அதுதான் உத்தரவாதம். இலவச அரிசியால்தான் சர்க்கரை நோய் வந்தது என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வது அபத்தம். ரேஷன் அரிசியைத் தொடாதவர்களையும் சர்க்கரை விட்டுவைக்கவில்லை.

கேள்வி, அரிசி கிடைத்த அளவுக்கு மற்றவை கிடைத்தனவா என்பதுதான். மூன்று நான்கு பெரியவர்கள் உள்ள ரேஷன் அட்டைக்குப் பொதுவாக மாதம் 20 கிலோ அரிசி. துவரம் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ, 30 ரூபாய். நாலு பேருக்குப் பிரித்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி சுமார் 165 கிராம். பருப்பு வெறும் 8 கிராம். அந்த 8 கிராம் பருப்பிலிருந்து வரும் புரதம் 2 கிராம்கூட இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 50 கிராம்.

மிச்சத்தைக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அங்கேதான் காசு கணக்கு வருகிறது. முட்டை ஒன்று ஆறேழு ரூபாய்க்குக் குறையாது. நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். வீட்டில் ஏற்கெனவே இலவசமாக வந்து கிடக்கும் அரிசியில் இன்னும் ஒரு ஆழாக்கு கூடுதலாகப் போட்டால் வயிறு நிறைந்துவிடும். எந்த டயட் வீடியோவும் இந்த ஐம்பது ரூபாயைப் பற்றிப் பேசுவதில்லை.

மெஸ் பில்லைப் பார்த்தாலே புரியும்

வேலைக்காகச் சென்னை, கோவை வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இதே கணக்கு வேறு ரூபத்தில் வருகிறது. மெஸ்ஸில் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’. எது அன்லிமிடெட்? சோறு, சாம்பார், ரசம், மோர். ஆம்லெட்டுக்குத் தனிக் காசு. மீன் வறுவலுக்குத் தனிக் காசு. இரண்டாவது முறை பொரியல் கேட்டால் சில இடங்களில் முறைப்பு இலவசம். டெலிவரி ஆப்பில் பிரியாணி வாங்கினாலும் டப்பாவில் முக்கால்வாசி அரிசி, இரண்டு துண்டு கறி. விற்பவருக்கு அரிசிதான் மலிவு. வாங்குபவருக்கு அரிசிதான் வயிறு நிறைந்த திருப்தி. இருவருக்கும் கட்டுப்படியாவதால் அந்த அளவு மாறுவதேயில்லை.

“அதான் தினமும் சாம்பார் இருக்கே, பருப்புதானே?” என்று கேட்கலாம். நாலு பேருக்கு 100 கிராம் துவரம் பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால், ஆளுக்கு வரும் புரதம் ஐந்தரை கிராம். கிட்டத்தட்ட ஒரு முட்டை. மோசமில்லை. ஆனால் மெஸ் சாம்பாரில் அந்த அளவு பருப்பு இருக்கிறதா என்பதைக் கரண்டியை அடிவரை விட்டுப் பார்த்தவர்களே சொல்ல வேண்டும்.

இதே தட்டு, பெண்களுக்கு இன்னும் கடுமையாக இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். சத்துக் குறைவும் கலோரி மிகுதியும் ஒரே மாநிலத்தில், பல நேரம் ஒரே உடம்பில். ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் வழக்கம் இருக்கும் வீட்டில், அவர் உட்காரும்போது முட்டையும் மீனும் கூட்டும் தீர்ந்திருக்கும். சட்டியில் சோறும் ரசமும் எப்போதும் மிச்சமிருக்கும்.

எவ்வளவு மாற்றினால் பலன்?

‘இந்தியாப்’ ஆய்வு ஓர் எண்ணைச் சொல்கிறது: 5 சதவீதம். ஒரு நாள் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்து, பருப்பு-பயறு, பால்-தயிர், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்கு மாற்றினால் சர்க்கரை நோயும் அதற்கு முந்தைய நிலையும் இருக்கும் வாய்ப்பு குறைவு என்கிறது கணக்கு. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 5 சதவீதம் என்பது 100 கலோரி. புரதமாகச் சொன்னால் 25 கிராம்.

25 கிராம் புரதம் என்பது தட்டில் எப்படி இருக்கும்? இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கிண்ணம் தயிரில் 6-7 கிராம். அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் இன்னொரு 7 கிராம். முடிந்தது. புரோட்டீன் பவுடர் டப்பா தேவைப்படவில்லை. 2024-இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதலும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே சொல்கிறது.

ஆனால் பலர் சறுக்கும் இடம் இதுதான். முட்டையும் சுண்டலும் வெறும் புரதமாக வருவதில்லை. கூடவே கொழுப்பு, மாவுச்சத்து, ஆகமொத்தம் 350-400 கலோரியும் வரும். அப்படியானால் தட்டிலிருந்து போக வேண்டிய சோறு ஒரு கரண்டி அல்ல; நாள் முழுக்கச் சேர்த்து 250-300 கிராம் வரை. வழக்கமான சோற்றையும் சாப்பிட்டுவிட்டு மேலே இரண்டு முட்டையும் சேர்த்தால் எடைதான் கூடும். ‘ஹை புரோட்டீன்’ என்று லேபிள் ஒட்டிய பிரெட்டும் குக்கீஸும் இந்தக் குழப்பத்தில்தான் விற்பனையாகின்றன.

அதே வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2,000 கலோரிக்கு அது போடும் தட்டில் சமைக்காத தானியம் 250 கிராம். காய்கறி 400 கிராம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை மூன்று தோசை, மதியம் ஒரு பெரிய தட்டுச் சோறு, ராத்திரி மூன்று சப்பாத்தி என்றாலே 250 கிராம் தாண்டிவிடும். 400 கிராம் காய் என்பது, இலையோரம் இரண்டு விரலால் எடுத்து வைக்கும் பொரியல் அல்ல. ஒரு நாள் முழுக்க, வேளைக்கு ஒரு கப் வீதம் சாப்பிட வேண்டிய அளவு.

நடைமுறையில் செய்யக்கூடியவற்றில் மலிவானது வரிசையை மாற்றுவது. காய், பருப்பு, முட்டையை முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைந்ததைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொரியலையும் கூட்டையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டால், சோற்றுக்கு வயிற்றில் இடமும் குறையும். இன்னொன்று, சோற்றையும் சப்பாத்திபோல எண்ணத் தொடங்குவது. பானையிலிருந்து நேரே தட்டுக்குப் போடாமல் ஒரு கப்பில் அளந்து போட்டால் போதும். முதல் வாரம் ஹாஸ்டல் சாப்பாடு மாதிரிதான் இருக்கும்.

புழுங்கல் அரிசி, கைக்குத்தல் அரிசி பற்றியும் கேட்பார்கள். தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் அதிகம், சந்தேகமில்லை. நெல்லை அவிக்கும்போது சத்தில் ஒரு பகுதி உள்ளே இறங்குவதால் பச்சரிசியைவிடப் புழுங்கல் மேல். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் கைக்குத்தல் அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வேக நேரம் எடுக்கும், விலையும் கூடுதல். வாங்க முடிந்தால் நல்லதே. அதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும்.

அரசு பக்கம் பார்த்தால், பள்ளிச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை தருவது இந்தியாவில் பல மாநிலங்கள் செய்யத் தயங்கும் காரியம். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். பழம் நல்லதுதான், ஆனால் அது புரதத்துக்கு மாற்று இல்லை. மாவுச்சத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் மாவுச்சத்து. அந்தப் பிள்ளைகளுக்குச் சுண்டலோ நிலக்கடலையோ தருவது பெரிய செலவில்லை. ரேஷனிலும் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாக இன்னொரு கிலோ பருப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று விருப்பத் தேர்வு தரலாம். அரிசியைக் குறைக்கிறார்கள் என்ற பழி வரும் என்பதால் எந்தக் கட்சியும் அந்தப் பேச்சை முதலில் எடுக்கத் துணியாது. 2023-இல் வெளியான ‘இந்தியாப்’ கணக்கின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். தட்டை மாற்றுவதால் அதிகம் தப்பிக்கக்கூடியவர்கள் இந்த இரண்டாவது கூட்டத்தினர்தான்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றது. சாப்பாடு திடீரெனக் குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதே சிக்கலாகலாம். இந்த இரு தரப்பினரும் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, ‘எதைச் சாப்பிடலாம்’ என்பதோடு ‘எவ்வளவு’ என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு மாற்றத்தை ஆரம்பிக்கலாம்.